எங்க தெருவுக்குக் காமிரா வந்த கதை

எங்கள் சனங்களின் வீடுகளில் ஆல்பம் என்று ஒன்று கிடையாது. ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பட்டாக் கடுதாசி இதுகளோடு சேர்த்து மஞ்சப்பையில் சுற்றி வைத்திருக்கிற இரண்டு மூன்று போட்டாதான் எங்களுக்கு ஆல்பம். கலியாணத்தை ஒட்டி எடுத்தது ஒண்ணு. செத்த பிறகு நாற்காலியில் சாத்தி வைத்து, மாலை போட்டு எடுத்தது ஒண்ணு. நடுவில் அந்த ஆள் வாழ்ந்த நாற்பது அம்பது வருசத்துக்குப் படமே இருக்காது.

திண்டுக்கல்லுக்கு மேற்கே இருக்கிற எங்கள் தெருவில் இருந்த போட்டாக்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு நினைப்பு. அதற்கு ஒரு காரணம் உண்டு. போட்டோக் கலையின் வரலாறு பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கைக்கு அடக்கமான காமிரா வந்த பிறகுதான் மனிதர்கள் ‘போஸ்’ கொடுப்பதிலிருந்து விடுதலை பெற்றார்கள். ஓவியர்களும் அதைப் பார்த்துத்தான் மனிதர்களை இயல்பாக வரையத் துணிந்தார்கள் என்கிறார்கள். ஐரோப்பாவுக்கு இது சரியாக இருக்கலாம். எங்கள் தெருவில் கைக்காமிரா செய்த வேலை இதற்கு நேர்மாறானது. எங்களுக்கு அது போஸ் கொடுக்கிற உரிமையைக் கொண்டு வந்தது. இதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

பெரிய காமிராவிலிருந்து தொடங்குகிறேன். 1857 கடைசியிலும் 1858இலும் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை ராஜதானியின் அரசுப் போட்டோகிராபராக நம் பக்கமெல்லாம் சுற்றினார். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர். சாமான்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிய காமிரா. கோயில் கோபுரம், மண்டபம், திருமலை நாயக்கர் மகால் என்று அவர் எடுத்த படங்கள் இன்றைக்கும் பிரசித்தம். அந்தப் படங்களைப் பார்த்தால் மதுரையில் ஆளே இல்லாத மாதிரி தோன்றும். காரணம் எளிது. ஒரு படம் பதிய வெகு நேரம் லென்சைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கல் அசையாது, பதிந்துவிட்டது. நடந்து போனவர், கூட்டியவர், சுமந்தவர் யாரும் பதியவில்லை. வேலை செய்து கொண்டிருந்தவர் அசைந்துகொண்டுதானே இருந்திருப்பார்?

அடுத்தபடியாக ஆட்களையே பிடிக்க வந்தார்கள். 1857 கலகத்துக்குப் பிறகு ஆளுகிறவர்களுக்கு ஆளப்படுகிறவர்களைத் தரம் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. ‘இந்திய மக்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு 1868 முதல் 1875 வரை 8 பாகம் வெளியிட்டார்கள். 460க்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலும் வடக்கத்தி ஆட்கள். தெற்குக்கு அந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். ஒரு கையில் மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளக்கிற கவைக்கோல், இன்னொரு கையில் காமிரா. கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் 7 பாகம். ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

நானும் புரட்டினேன். படத்துக்குக் கீழே சாதிப்பேர் இருக்கும். ஆள் பேர் பெரும்பாலும் இருக்காது. இடுப்புத் துணியோடு வெயிலில் நிற்கிற அந்த மனிதருக்கு ஆத்தா அப்பன் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். பெண்டாட்டி இருந்திருப்பாள். அன்றைக்கு அவர் எந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாரோ. இதுதான் எங்கள் முன்னோருடைய ‘இயல்பான’ படம். உடுத்தியிருந்தபடியே, நின்றபடியே, கேட்காமல் எடுத்தது.

இனி ஸ்டூடியோ. எங்கள் தாத்தா திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போட வேண்டும். பிறகு மயிரைச் சுரண்டி, சவ்வை வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறப் போட வேண்டும். கையில் தோல் உரிந்து, நகக்கண்ணெல்லாம் சாயம் ஏறிக் கிடக்கும். ஆனால் ஊரில் பண்ணையத்துக்குப் போனவர்களுக்குக் கூழும் நெல்லும்தான் கிடைத்தது. இவருக்கு வாரச் சம்பளம், காசாக. அந்தக் காசுதான் அவரை 1962இல், பெரிய அத்தை கலியாணத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, அப்பத்தாளைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போக வைத்தது.

அந்தப் படம் எங்களிடம் இருக்கிறது. பின்னால் தொங்குகிற திரையில் மாடிப்படி, தூண், ஒரு ஏரி, ஏரியில் அன்னம். இடப்பக்கம் தாத்தா நிற்கிறார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வலப்பக்கம் அப்பத்தா. நடுவில் முதுகில் பூ செதுக்கின ஒரு நாற்காலி. அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. அப்பத்தாளிடம் கேட்டேன். “ஒக்காரட்டுமான்னு ஒங்க தாத்தா கேட்டாரு. நின்னாத்தேன் எடுப்பா இருக்கும்னுட்டான். எங்களுக்கு முன்னாடி எடுத்தவுகள அதே நாற்காலியிலதேன் ஒக்கார வச்சு எடுத்தான், நாங்க வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தேன இருந்தோம். எந்தூரு, எந்தத் தெருவுன்னு கேட்டுட்டுத்தேன் உள்ளயே விட்டான். துட்டு மட்டும் எல்லாருக்கும் ஒரே துட்டு” என்றாள்.

எங்கள் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தது செத்த பிறகுதான். பொணத்தைக் குந்த வைத்துப் படம் எடுக்க ஸ்டூடியோக்காரன் தெரு முனை வரைக்கும் வருவான். அதற்குத் தனிக் காசு. உயிரோடு இருந்தபோது நிற்க வைத்து எடுத்தவன், பொணத்துக்கு மட்டும் உட்கார அனுமதி கொடுத்தான். இதில் தொழில்நுட்பமும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது. காமிரா கனமாக, முக்காலியில் நிற்கிற சாமானாக இருந்தவரைக்கும் நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டியிருந்தது. போனால் அவன் இடம், அவன் விளக்கு, அவன் நாற்காலி. சட்டமும் அவன் சட்டம்தான்.

அந்தக் கனத்தை இறக்கி வைத்தது அமெரிக்காவில் ஒரு கம்பெனி. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ‘கோடக்’ என்ற பெட்டிக் காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கு ரோல். பார்த்து எடுக்கிற கண்ணாடிகூட அதில் கிடையாது; குத்துமதிப்பாகப் பிடித்து அமுக்க வேண்டியதுதான். படம் வட்டமாக, இரண்டரை அங்குலத்தில் வரும். ரோல் தீர்ந்ததும் காமிராவையே ராச்செஸ்டரில் இருந்த கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் 10 டாலருக்குக் கழுவிப் பிரிண்டு போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் ‘பிரௌனி’ வந்தது. விலை 1 டாலர். சின்னப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள்.

ஐரோப்பிய ஓவியர்கள் சிலர் இந்தப் பெட்டியை உடனே கையில் எடுத்தார்கள். பாரிசில் பியர் பொன்னார், எதுவார் வுய்யார், பெல்ஜியத்திலிருந்து வந்து அங்கே இருந்த ஹென்ரி எவனபோல். ஆம்ஸ்டர்டாமில் ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர். இவர்கள் எடுத்த போட்டாக்களையும் வரைந்த ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி 2011, 2012 ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமிலும் வாஷிங்டனிலும் கண்காட்சிகூட நடத்தினார்கள். தலை பாதி வெட்டுப்பட்ட ஆள், படத்தின் ஓரத்தில் மூக்கு மட்டும் நீட்டுகிற குதிரை, காமிராவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து மங்கிப்போன முகம், குனிந்து காலுறை மாட்டுகிற பெண். இதெல்லாம் ஸ்டூடியோவில் தப்பு. ஓவியனுக்கு அந்தத் தப்பு புதுக் கண்ணைக் கொடுத்தது. ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களிலிருந்தும் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எட்கர் தெகா கோடக் வருவதற்கு முன்னாலேயே வண்டியையும் ஆளையும் ஓரத்தில் வெட்டி வரைந்தவர். அதே தெகா 1895இல் காமிரா கைக்கு வந்ததும் என்ன செய்தார்? சிநேகிதர்களை விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் உட்காரச் சொல்லி, போஸ் கொடுக்க வைத்து எடுத்தார்.

இவர்களில் பிரைட்னர் படங்கள்தான் என்னை நிறுத்தின. ஆம்ஸ்டர்டாம் வீதியில் வேகமாக நடந்து போகிற வீட்டு வேலைக்காரப் பெண்கள், கட்டட வேலையாட்கள், வண்டி இழுக்கிற குதிரைகள். உயிருள்ள படங்கள், சந்தேகமில்லை. ஆனால் அதில் பல பேருக்குத் தங்களைப் படம் எடுப்பதே தெரியாது. ஓவியன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிற சீமாட்டியைக் கேட்டுக்கொண்டு எடுப்பான். அந்தச் சீமாட்டிக்குக் காய்கறி வாங்கப் போகிறவளைக் கேட்கத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து உட்கார்ந்து சலித்தவர்களுக்கு எழுந்து நடப்பது விடுதலையாக இருந்திருக்கும். உட்காரவே விடாதவர்களுக்கு?

நம் நாட்டில் கைக்காமிரா ரொம்ப காலம் துரைமார், மிஷனரிகள், ஜமீன் வீட்டார் கையில்தான் இருந்தது. சாதாரணச் சம்பளக்காரன் கைக்கு எட்டியது 1960, 70களில். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி செய்த ஆக்பா கிளிக் 3 பலருக்கும் ஞாபகம் இருக்கும். 120 ரோல் போட்டால் 12 சதுரப் படம். வெயில், மேகம் என்று இரண்டு குறி. கணக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. பிலிமும் நம்ம பக்கமே கிடைத்தது. ஊட்டியில் அரசாங்கம் 1960இல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பேரில் பிலிம் விட்டது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை, மூடிவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்குக் காமிரா வந்தது 1974 பொங்கலுக்கு. அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் கிடையாது, மதுரை மாவட்டம். 1985இல்தான் பிரித்தார்கள். ராணுவத்தில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது ஒரு கிளிக் 3 வாங்கி வந்திருந்தார். கையில் ஒரே ஒரு ரோல். 12 படம். தெருவில் நாற்பது வீடு.

யாரை எடுப்பது என்று வேப்ப மரத்தடியில் பேச்சு நடந்தது. குமரிப் பிள்ளைகளை எடுக்கலாம், மாப்பிள்ளை பார்க்க உதவும் என்று சிலர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை என்று சிலர். கடைசியில் பெரியாட்களை எடுப்பது என்று முடிவானது. “இளந்தாரிக எங்கிட்டாச்சும் எடுத்துக்கிருவாங்க. இதுக போட்டா இல்லாமயே போயிருங்க” என்றார் நாட்டாமையாக இருந்தவர். எங்கள் தெரு எடுத்த நல்ல முடிவுகளில் இதுவும் ஒன்று.

சித்தப்பா பத்திரிகைகளில் படம் பார்த்துப் பழகியவர். அவருக்கும் அந்த ‘இயல்பு’ ஆசை இருந்தது. முதலில் வந்த பெரியாத்தாளிடம், “சும்மா நிக்காதத்தா, எருமைய ஓட்டிக்கிட்டு நடந்து வா, தத்ரூபமா இருக்கும்” என்றார். அவள் விடவில்லை.

“ஏய், எரும ஓட்டுறதத்தேன் தெனம் ஊரே பாக்குதே. நான் ஒக்காந்திருந்து எவன்டா பாத்தான்? ஒக்கார வச்சு எடு.”

தெருவில் நாற்காலி கிடையாது. ராத்திரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் உட்காருகிற இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதைத் தூக்கி வந்து மண்சுவருக்கு முன்னால் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேரும் வரிசையாக அதில் உட்கார்ந்தார்கள். ரவிக்கை போட்டுப் பழக்கமில்லாத கிழவிகள் மூன்று பேர் ஒரே ரவிக்கையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று படத்திலும் அதே புள்ளி போட்ட ரவிக்கை. சித்தப்பா குத்தவைத்துக்கொண்டு கீழேயிருந்து எடுத்தார். அதனால் எல்லாரும் கொஞ்சம் உசரமாகத் தெரிகிறார்கள். ஊர்க்காரன் முன்னால் கூனி நின்ற முதுகுகள் அந்தப் படங்களில் கூனவில்லை.

இதில் இரண்டு பேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் எங்கள் தாத்தா. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கை இரண்டையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். “கையத் தொடையில வைங்க மாமா” என்று யாரோ சொன்னதற்கு, “கை வேணாம், மொகம் போதும்” என்று சொல்லிவிட்டார். தொழிலாளியின் உழைத்த கை என்று நாம் கவிதை எழுதுவோம். அவருக்கு அந்தக் கை படத்தில் வர வேண்டாம். மற்றவர் தப்படிக்கிற பெரியவர். தப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். “சாவுக்குத்தேன் அத எடுக்கிறேன், எனக்கு நான் எடுக்கிற போட்டாவுல எதுக்கு?” என்று வெறுங்கையோடு உட்கார்ந்தார். இன்றைக்கு அவருடைய பேரன் கலைக்குழுவில் பறையோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறான். பறை நம் கலை என்று சொல்கிறோம், சரிதான். பேரனும் சரி, தாத்தாவும் சரி. எது வர வேண்டும், எது வர வேண்டாம் என்று அவரவர் முடிவு பண்ணினார்கள். தர்ஸ்டன் காமிராவுக்கு முன்னால் நின்றவருக்கு அந்த முடிவு கையில் இல்லை.

12இல் இரண்டு படம் கெட்டுப்போனது. பத்து வந்தது. மத்தியான வெயில், கண் குழியில் நிழல், பக்கத்தில் சுவரில் காய்கிற எருவாட்டி. பின்னால் அன்னம் நீந்துகிற திரை இல்லை. போஸ் ஸ்டூடியோ போஸ்தான். வெயிலும் சுவரும் எங்களுடையது.

இந்தப் பத்துப் படமும் ஓவியக்காரர்களிடம் போன கதை இனிமேல். அந்தப் பெரியாத்தா 1979இல் செத்துப்போனாள். மகன் சின்னச் சதுரப் படத்தை எடுத்துக்கொண்டு டவுனில் ஒருவரிடம் போய், பெருசாக்கிக் கலர் அடித்துத் தரச் சொன்னார். படம் வந்தது. காதில் ஜிமிக்கி, சரிகைக் கரை போட்ட சேலை, கோதுமைக் கலரில் முகம். வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். அத்தை கேட்டாள்: “இது யாரு? எங்காத்தா எங்க?” திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, செத்தவங்க சாமி மாதிரி, செவப்பாத்தான் போடணும் என்றாராம் அந்த ஓவியர். “அப்ப கருப்பசாமி என்ன கலருய்யா?” என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் மகன்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஸ்டூடியோவும் ஓவியமும் நம் ஊர்களில் ஒரே தொழிலின் இரண்டு கை. கோயில்பட்டியில் கொண்டையா ராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுத வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய சீடர்களோடு சேர்ந்து 1940களில் தேவி ஆர்ட் ஸ்டூடியோ. காலண்டர் சாமி படமும் போட்டாவும் ஒரே கூரைக்குக் கீழே. நாடகத் திரை எழுதின கை ஸ்டூடியோத் திரை எழுதியது. லட்சுமிக்குக் கன்னம் சிவக்க வைத்த தூரிகை போட்டாவுக்கும் கலர் கொடுத்தது. நெகட்டிவிலேயே பென்சிலால் ‘டச்சிங்’ பண்ணி நிறத்தைக் கூட்டுவது எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம். சிவகாசி அச்சில் வந்த காலண்டர் நிறம்தான் அழகின் நிறம் என்று தொழிலுக்குள்ளேயே பழகிப்போனது. எங்கள் பெரியாத்தா அந்த நிறத்துக்குள் காணாமல் போனாள்.

அந்தப் படத்தைத் திருத்தியவன் எங்கள் தெருப் பையன். டவுனில் சினிமா பேனர் எழுதுகிற ஒருவரிடம் கையாளாக இருந்தான். துணிக்கு வஜ்ரம் பூசுவது, கட்டம் போடுவது, எழுத்துக்கு உள்ளே பெயிண்டு நிரப்புவது, இதுதான் வேலை. அவன் சித்தப்பாவிடமிருந்து பத்துப் படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் பார்த்தான். அவன் கண்டுபிடித்ததை அவன் சொன்னபடியே சொல்கிறேன். “கருப்புன்னா கருப்புப் பெயிண்டு கெடையாது. நம்ம தோல்லதான் வெயிலு பளிச்சின்னு நிக்குது. கன்ன மேட்ட பாரு, மூக்கு நுனியப் பாரு, வெள்ளையா மின்னுது. செவத்த மொகத்துல அந்த மினுக்கம் தனியாத் தெரியாது.” பழுப்பில் கொஞ்சம் நீலம் கலந்து, மினுங்குகிற இடத்தில் மட்டும் வெள்ளை வைத்து அவன் வரைந்த பெரியாத்தாதான் இன்றும் அந்த வீட்டில் தொங்குகிறாள். புருவத்துக்குக் கீழே வெயில் நிழலும் இருக்கிறது. ஸ்டூடியோ விளக்கில் அந்த நிழல் விழாது. கைக்காமிரா ஓவியத்தை எப்படி மாற்றியது என்று யாராவது கேட்டால், பாரிசுக்குப் போகாமல் அந்த வீட்டுச் சுவரைத்தான் நான் காட்டுவேன்.

1991இல் அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டு. அதற்கு முந்தின வருசம் ஏப்ரல் 12ஆம் தேதி நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவருடைய படத்தைத் திறந்திருந்தார்கள். பாரத ரத்னாவும் அந்த வருசம்தான். எங்கள் தெரு முகப்புச் சுவரில் அவரை எழுதும் வேலை இவனுக்கு வந்தது. கையில் இருந்தது ஒரு துண்டுப் பிரசுரத்தில் வந்த தீப்பெட்டி அளவுப் படம். அதில் கட்டம் போட்டுச் சுவருக்கு ஏற்றினான். ஊருக்கு ஊர் அம்பேத்கர் படங்கள் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு சில போட்டாக்களிலிருந்துதான் ஆயிரக்கணக்கான சுவர்கள் வந்தன. கோட்டு, டை, கண்ணாடி, சட்டைப்பையில் பேனா. எல்லாம் நிமிர்ந்து கொடுத்த போஸ்.

இங்கே காந்தியை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவரைக் கடைசிப் பத்து வருசம் கூட இருந்து எடுத்தவர் உறவுக்காரப் பையன் கனு காந்தி. கையில் ரோலிபிளெக்ஸ். காந்தி அவருக்குப் போட்ட நிபந்தனைகள் மூன்று: பிளாஷ் கூடாது, போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது, ஆசிரமப் பணம் கிடையாது. இடுப்புத் துணியோடு, இயல்பாக, நடந்தபடி, தூங்கியபடி, நூற்றபடி படம் வந்தது. உலகம் மகாத்மா என்றது. சட்டையைக் கழற்றினால் காந்திக்கு அது தியாகம். நாம் கழற்றினால் தர்ஸ்டன் புத்தகத்தில் ஒரு பக்கம். அம்பேத்கருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? கோட்டுப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, காமிராவை நேராகப் பார்த்து அவர் கொடுத்த ஒவ்வொரு போஸும் ஒரு பதில் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் சுவரில் அவரைப் பெரியாத்தா நிறத்தில் எழுதியிருந்தான் பையன். திறப்புக்கு வந்த ஒரு பிரமுகர், “தலைவரு இவ்வளவு கருப்பில்லையேப்பா” என்றார். “எங்க தெருவுக்கு வந்தா இந்த நிறந்தாங்க” என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விட்டான். அடுத்த வருசம் ராத்திரியோடு ராத்திரியாக எவனோ தாரை ஊற்றினான். மறுபடி எழுதினான். அதே நிறம்.

கடைசியாக, இதை வாசிக்கிற தோழர்களிடம் ஒரு பேச்சு. 1990களில் தென் மாவட்டங்களில் நம் சேரிகள் தாக்கப்பட்டபோது உண்மை அறியும் குழுக்கள் கைக்காமிராவோடு வந்தன. 1995 ஆகஸ்ட் 31இல் போலீஸ் கொடியங்குளத்துக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட இடங்களில் உடைந்த வீட்டையும் நாசமான பண்டபாத்திரத்தையும் காட்ட அந்தப் படங்கள்தான் சாட்சி. அது தேவை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தில் ஒரு அடிதடிக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். வந்திருந்த ஒரு தோழர் ஒரு அம்மாவை உடைந்த பானைகளுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். “சேல மாத்திக்கிட்டு வந்துரட்டுமா தம்பி?” என்று அந்த அம்மா கேட்டது. “வேணாம்மா, இப்படியே இயல்பா நில்லுங்க, அதுதான் எடுபடும்” என்றார் தோழர். அந்த அம்மா பதில் பேசாமல் உள்ளே போய், தலை சீவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்துதான் நின்றது. பானை உடைந்ததற்கு அந்தப் படம் சாட்சியாகாதா? ஆகும். கூடவே, உடைத்தவனால் உடைக்க முடியாதது ஒன்று அங்கே நின்றதற்கும் சாட்சியாகும். நம் ஆட்கள் அழுக்காக, அழுதுகொண்டு, சிதைந்து கிடந்தால்தான் உண்மை என்று நம்புகிற கண் யாருடைய கண் என்று யோசிக்க வேண்டும்.

இப்போது காமிரா நம் பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில் இருக்கிற வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன், 2020 ஊரடங்கில் வீட்டுக்குத் திரும்பி வந்து தன் குடும்பத்தையே படம் எடுத்தார். மதுரைக்காரர் பழனிக்குமார், 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்கு ஓயாமல் போய் வருகிறவர். உழைக்கிற சனங்களின் பிள்ளைகளுக்குக் காமிராவைக் கொடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். இவர்கள் படங்களில் மனிதர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பேரோடு இருக்கிறார்கள்.

பேர்தான் முக்கியம். எங்கள் தெருப் பத்துப் படத்தில் ஒன்பது பேருக்குப் பேர் தெரியும். ஒரு கிழவியின் பேர் இன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ‘மேலக் கடைசி வீட்டுக் கெழவி’ என்கிறார்கள், அவ்வளவுதான். கேட்டுச் சொல்ல இருந்தவர்கள் போய்விட்டார்கள். அதனால் இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ட்ரங்குப் பெட்டியை இறக்குங்கள். இருக்கிற பெரியாட்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாக எடுத்து, இது யார், யார் மகள், எங்கே வாழ்க்கைப்பட்டாள், என்ன வேலை செய்தாள், அன்றைக்கு உடுத்தியிருந்த சேலை யாருடையது என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். நெகட்டிவ் கிடைத்தால் தூக்கிப் போடாமல் காகித உறையில் போட்டு வையுங்கள். செல்போனில் ஒரு பிரதி எடுத்து அதிலும் பேரைச் சேருங்கள். சாதிப்பேரை எழுதி வைக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், 7 பாகம் எழுதிவிட்டார்கள். ஆள் பேரை நாம்தான் எழுத வேண்டும்.